ஒரே கணக்கின் இரண்டு பதிவுகள்

பெண்களைக் காக்கப் புறப்பட்டதாக எழுதுகிறவனும் பெண்ணைச் சீரழிப்பேன் என்று மிரட்டுகிறவனும் ஒரே ஆளாக இருப்பதை நான் வேலையிடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சமூக ஊடக நிறுவனம் ஒன்றுக்கு வரும் புகார்களைப் பரிசீலிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில், சிங்கப்பூரின் பாய லேபார் பக்கம் ஓர் அலுவலகத்தில், தமிழ்ப் பதிவுகளுக்கான மட்டுறுத்துநராகப் பல ஆண்டுகள் இருந்தேன். யாரோ ஒருவர் புகார் செய்த பதிவு என் திரைக்கு வரும். படித்து, விதிமுறையோடு பொருத்திப் பார்த்து, நீக்குவதா விட்டுவைப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஆனால் சந்தேகம் வந்தால் அந்தக் கணக்கின் பழைய பதிவுகளைத் திறந்து பார்க்க எங்களுக்கு அனுமதி இருந்தது. மற்றவர்கள் கண்ணில் ஒரு பதிவுதான் படும். எங்களுக்கு ஆளே தெரிவான்.

அப்படித் திறந்த பக்கங்களில், காலையில் ஒரு பதிவு இருக்கும்: நம் சகோதரிகளைக் குறிவைக்கிறார்கள், விழித்துக்கொள் தமிழா என்று. அன்று இரவே ஒரு பெண் பத்திரிகையாளரின் படத்துக்குக் கீழே, இங்கே எழுத முடியாத மிரட்டல் இருக்கும். அந்தப் பெண் வேற்று மதத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரங்களில் அதே மதம், அதே சாதி, அதே மாவட்டம். தலைவரைக் கேள்வி கேட்டிருப்பார், அல்லது தான் விரும்பியவரை மணந்திருப்பார். அந்த நொடியிலேயே அவர் "சகோதரி" என்ற பட்டியலிலிருந்து வெளியேற்றப்படுகிறார். காக்கப்பட வேண்டியவள் யார், சிதைக்கப்பட வேண்டியவள் யார் என்பதை ஒரே ஆள், ஒரே கைப்பேசியில் முடிவு செய்கிறான். தீவிர வலதுசாரி அரசியல் பெண்ணை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. பாலியல் வன்முறை அவர்களுக்கு எதிரி மீது சுமத்தும் குற்றச்சாட்டு. அதுவே தங்கள் சொல் கேளாத பெண்ணுக்கு அவர்கள் விதிக்கும் தண்டனையும்.

அலுவலகம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மத, இன வெறுப்புக்கு ஒரு வரிசை. பாலியல் தொல்லைக்கு வேறொரு வரிசை. பொய்ச்செய்தி முற்றிலும் தனிக்குழுவிடம் போனது. "நம் பெண்களைக் காப்போம்" என்ற வாசகம் எந்த விதியையும் மீறாது. அது அப்படியே நிற்கும். இரவு எழுதிய மிரட்டலை மட்டும், அதுவும் அந்தப் பெண் புகார் செய்தால், இன்னொரு மேசையில் இருப்பவர் நீக்குவார். அவர் காலைப் பதிவைப் பார்த்திருக்க மாட்டார். முதல் பதிவு கூட்டத்தைத் திரட்டுகிறது, இரண்டாவது அந்தக் கூட்டத்தை ஒரு பெண் மீது ஏவுகிறது என்ற தொடர்பு எந்தப் படிவத்திலும் ஏறாது. இதை நான் பலமுறை எழுத்து மூலம் தெரிவித்தேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

எங்கள் அலுவலகத்தில் பல மொழிக்காரர்கள் உட்கார்ந்திருந்தோம். பர்மியம், சிங்களம், பகாசா இந்தோனீசியா, இந்தி, தாய் எல்லாம் ஒரே கூடத்தில். பார்ப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்ததால் வீட்டில் சொல்ல முடியாததை நாங்கள் எங்களுக்குள்தான் பேசிக்கொண்டோம். பேசப் பேச, மொழி மாறியதே தவிர கதை மாறவில்லை என்பது தெரிந்தது.

பர்மிய மொழி பார்த்த தோழி, மியன்மாரின் மாண்டலே நகரத்துக்காரர். 2014 ஜூலையில் அவருடைய ஊரில், முஸ்லிம் தேநீர்க்கடைக்காரர்கள் தங்களிடம் வேலை பார்த்த பௌத்தப் பெண்ணை வன்புணர்ந்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி பரவியது. தீவிர தேசியவாதத் துறவி விராத்து அதை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். கும்பல்கள் தெருவில் இறங்கின. ஒரு பௌத்தரும் ஒரு முஸ்லிமும் கொல்லப்பட்டார்கள். அந்தப் புகார் பொய் என்று அரசே பிறகு அறிவித்தது. இதே விராத்து, 2015 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் யாங்கீ லீ சிறுபான்மையினரின் உரிமை பற்றிப் பேசியதற்காக, பொதுக்கூட்ட மேடையில் அவரை "வேசி" என்று ஏசினார். பெண்ணின் கற்புக்காகக் கண்ணீர் விட்டவரின் வாயிலிருந்து ஆறே மாதத்தில் வந்த சொல் அது. அதே ஆண்டு, பௌத்தப் பெண்கள் பிற மதத்தவரை மணப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த அந்தச் சட்டத்தின் விளைவு, ஒரு வயதுவந்த பெண் யாரை மணக்கலாம் என்பதில் ஊரும் அதிகாரியும் தலையிட முடிந்தது என்பதே.

அடுத்து நடந்ததைச் சொல்லும்போது தோழியின் குரல் தாழ்ந்துவிடும். 2016-லும் 2017-லும் ரக்கைன் மாநிலத்தில் ராணுவம் ரோஹிஞ்சா முஸ்லிம் பெண்கள் மீது நிகழ்த்திய பாலியல் வன்கொடுமையை ஐக்கிய நாடுகளின் உண்மை அறியும் குழு 2018-இல் விரிவாகப் பதிவு செய்தது. ஆனால் 2016 டிசம்பரிலேயே, அப்போது அரசை வழிநடத்திய ஆங் சான் சூச்சியின் அலுவலகம் அந்தப் பெண்களின் வாக்குமூலத்தைப் போலி என்று முத்திரை குத்திவிட்டது. இல்லாத வன்புணர்வுக்காக ஒரு நகரம் பற்றி எரிந்தது. நடந்த வன்புணர்வுகள் பொய் என்று அரசு சொன்னபோது அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்த கூட்டம் எதுவும் இல்லை.

சிங்களப் பதிவுகளைப் பார்த்தவர் கண்டிக்காரர். அவர் சொன்ன, இலங்கையின் அம்பாறைச் சம்பவம் நம் வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். 2018 பிப்ரவரி இறுதியில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், உணவில் சிங்களரை மலடாக்கும் மாத்திரை கலந்ததாக வாடிக்கையாளர் ஒருவர் சண்டை பிடித்தார். சிங்களம் சரியாகத் தெரியாத, தமிழ் பேசும் கடைக்காரர், சுற்றி நின்ற கூட்டத்தின் மிரட்டலுக்கு நடுவே ஏதோ தலையாட்டினார். அது ஒப்புதல் வாக்குமூலமாகக் காணொளியில் பரவியது. அந்த "மாத்திரை" மாவுக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் சொல்லி முடிப்பதற்குள் மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனவில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. மறு ஆண்டு ஒரு சிங்கள நாளேடு, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று முதல் பக்கத்தில் எழுதியது. குற்றப் புலனாய்வுத் துறை விசாரித்தும் ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த இரண்டு கதைகளிலும் பெண்ணுக்கு இருப்பது கருப்பை மட்டுமே. அது இனத்தின் சொத்து; எதிரி அதைத் திருடுகிறான். பெண்ணுக்கு உண்மையில் குழந்தை வேண்டுமா, எத்தனை வேண்டும், எப்போது வேண்டும் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

இந்தோனீசியப் பதிவுகளைப் பார்த்தவர் சீனர், ஜகார்த்தாவில் பிறந்தவர். 1998 மே கலவரத்தில் அவருடைய தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்தவர். அந்த நாட்களில் சீனப் பெண்கள் மீது நடந்த கூட்டு வன்புணர்வுகளை அப்போதைய அரசு அமைத்த கூட்டு உண்மை அறியும் குழுவே விசாரித்து உறுதிப்படுத்தியது. அந்தக் கொடுமைகளுக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாகத்தான் பெண்களுக்கெதிரான வன்முறை குறித்த தேசிய ஆணையம் அங்கே உருவானது. அப்படியிருந்தும் 2025 ஜூனில் அந்நாட்டின் கலாசார அமைச்சர் ஃபட்லி ஸோன், பெருந்திரளான வன்புணர்வுக்கு ஆதாரம் இல்லை, அது வதந்தி என்று பேசினார். அன்று நான் அந்தத் தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன். தன் தாயார் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

தமிழ் வரிசை அமைதியானது என்று மற்ற மொழிக்காரர்கள் நினைத்தார்கள். எங்கள் மேற்பார்வையாளரும் அப்படித்தான் நினைத்தார்; எண்கள் குறைவாக இருந்தன. எனக்கு அதில் ஒருபோதும் உடன்பாடில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் பக்கத்துச் சேரிகளிலும் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. காரணம், இளவரசன் என்ற தலித் இளைஞரும் திவ்யா என்ற வன்னியப் பெண்ணும் மணம் செய்துகொண்டது. அடுத்த சில வாரங்களில் பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் ராமதாஸ் தலித் அல்லாத சாதிகளின் தலைவர்களைக் கூட்டி, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கறுப்புக்கண்ணாடியும் போட்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். "நாடகக் காதல்" என்ற சொல் வீட்டுக்கு வீடு போனது. 2013 ஜூலையில் இளவரசன் ரயில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது செய்தித்தாளில் படித்த நிகழ்வு. பக்கத்து மேசையில் வேலை அனுமதியில் வந்திருந்த திருநெல்வேலித் தம்பிக்கு அது பள்ளிப்பருவத்தின் நினைவு. ஒருநாள், முஸ்லிம் இளைஞர்கள் மதம் மாற்றுவதற்காகவே பிற மதப் பெண்களைக் காதலிக்கிறார்கள் என்று சொல்லும் "லவ் ஜிகாத்" பற்றிய தமிழ்ச் சுவரொட்டிப் படம் ஒன்று எங்கள் வரிசையில் வந்தது. மோட்டார் சைக்கிள், கைப்பேசி, கண்ணாடி, இனிக்கப் பேசும் வாய், ஏமாறும் பேதைப்பெண் எல்லாம் அதில் இருந்தன. தம்பி எழுந்து வந்து என் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைத்தான் எங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்" என்றார். அவர் தன் சாதியை அலுவலகத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் படம் விதியை மீறவில்லை என்ற முடிவோடு மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது.

லவ் ஜிகாத் பேச்சுக்கும் நாடகக் காதல் பேச்சுக்கும் நடுவில் நிற்பது, பெண்ணுக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்ற ஒரே நம்பிக்கை. கேரளத்தின் ஹாதியா வழக்கில் இதை நாடே பார்த்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த, வயதுவந்த பெண். தானே விரும்பி மதம் மாறி மணந்தேன் என்று அவர் சொல்லியும் உயர்நீதிமன்றம் 2017 மே மாதம் அந்தத் திருமணத்தை ரத்து செய்து அவரைப் பெற்றோரிடம் அனுப்பியது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருமணத்தை மீட்டுக் கொடுத்தது. இடைப்பட்ட மாதங்களில் அவருக்காகப் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏராளம். அவர் பேசியதைக் கேட்டவர்கள்தான் குறைவு. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் கணவர் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றவர்களிடமிருந்து உயிர் தப்பிய கௌசல்யா, பின்பு சாதி ஒழிப்பைப் பற்றிப் பொதுமேடையில் பேசத் தொடங்கினார். அவருடைய படத்துக்குக் கீழே குவிந்த சொற்களை நான் வேலையாகப் படித்திருக்கிறேன். "குலப்பெண்" பற்றி உருகி எழுதிய அதே கணக்குகளை அங்கேயும் கண்டேன்.

2022 ஆகஸ்ட் 15-ஐ என்னால் மறக்க முடியாது. 2002 குஜராத் கலவரத்தில், ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த பில்கிஸ் பானோவைக் கூட்டாக வன்புணர்ந்து, அவருடைய மூன்று வயது மகள் உட்படக் குடும்பத்தினரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை, குஜராத் அரசு அன்று விடுதலை செய்தது. வெளியே வந்தவர்களுக்கு மாலையும் இனிப்பும் கொடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பரிந்துரைத்த குழுவில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் ராவுல்ஜி, அவர்களில் சிலர் நல்ல பண்பாடுள்ள பிராமணர்கள் என்று பேட்டி கொடுத்தார். அந்த வாரம் இந்தி மேசைக்காரர்களுக்குக் கூடுதல் ஷிப்ட் போட்டார்கள். தமிழிலும் பதிவுகள் வந்தன. அந்த மாலைகளின் படத்தைப் பெருமையோடு பகிர்ந்த சில கணக்குகளை நான் திறந்து பார்த்தேன். முந்தைய மாதங்களில் எங்கோ ஓர் ஊரில் முஸ்லிம் இளைஞன் மீது பாலியல் புகார் வந்தபோது, தூக்கில் போடு என்று எழுதியவர்கள் அவர்கள். குற்றம் அவர்களுக்கு அருவருப்பாக இல்லை. குற்றவாளியின் பெயரைப் பார்த்துத்தான் அருவருப்பு வருகிறது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. அன்று அந்தக் கணக்குகள் எதுவும் எழுதவில்லை.

2018 ஜனவரியில் ஜம்மு காஷ்மீரின் கத்துவாவில் எட்டு வயது பக்கர்வால் சிறுமி வன்புணர்ந்து கொல்லப்பட்டபோது நடந்ததும் இப்படித்தான். நாடோடி மேய்ப்பர் சமூகத்தை அந்தப் பகுதியிலிருந்து விரட்டவே அவள் குறிவைக்கப்பட்டாள் என்றது குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆதரவாகத் தேசியக்கொடியோடு பேரணி நடந்தது. அத்தகைய பேரணியில் கலந்துகொண்ட இரண்டு மாநில அமைச்சர்கள் பிறகு பதவி விலக நேர்ந்தது.

இவ்வளவையும் பார்த்த பிறகு இது எங்கே தொடங்கியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன், பெரும்பாலும் பெருவிரைவு ரயிலில், வீட்டுக்குத் திரும்பும் வழியில். நாஜிகள் 1935 செப்டம்பரில் கொண்டுவந்த நூரம்பெர்க் சட்டங்களில் ஒன்று யூதருக்கும் ஜெர்மானியருக்கும் இடையிலான திருமணத்தையும் உறவையும் தடை செய்தது. அதே சட்டம், 45 வயதுக்குட்பட்ட ஜெர்மானியப் பெண்ணை யூதர் வீட்டுவேலைக்கு வைக்கக்கூடாது என்றும் சொன்னது. யூத ஆண் என்றாலே வேட்டையாடுகிறவன் என்ற கற்பனையைச் சட்டப்பிரிவாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் என் தொழிலுக்கு முன்னோடியாக நான் நினைப்பது ஐடா பி. வெல்ஸை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பத்திரிகை நடத்திய கறுப்பினப் பெண். 1892-இல் அவருடைய நண்பர்கள் மூவரைக் கும்பல் கொன்றது. அவர்கள் எந்தப் பெண்ணையும் தொடவில்லை. அவர்களுடைய மளிகைக் கடை வெள்ளையர் கடைக்குப் போட்டியாக இருந்தது. அதன் பிறகு வெல்ஸ், கறுப்பின ஆண்களைக் கும்பல் கொல்வது வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கத்தான் என்று எல்லோரும் நம்பிய கதையை எடுத்துச் சோதித்தார். வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட தகவல்களைத் தொகுத்து, கொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் வன்புணர்வுக் குற்றச்சாட்டாவது இருந்தது என்று காட்டினார். அந்தக் குற்றச்சாட்டுகளிலும் பல, இரு தரப்பும் விரும்பிய உறவை மறைக்கச் சொன்ன பொய் என்றார். கறுப்பினப் பெண்களை வெள்ளையர்கள் வன்புணர்ந்தபோது எந்தக் கும்பலும் கூடவில்லை என்பதையும் சேர்த்து எழுதினார். அவர் ஊரில் இல்லாதபோது அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் கொல்வோம் என்றார்கள். பதிவையும் ஆளையும் முந்தைய நடத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்ற வேலையை அவர் 130 ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்திருந்தார்.

2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்ற இளைஞன், நீங்கள் எங்கள் பெண்களை வன்புணர்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே சுட்டான். இறந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள்.

இதெல்லாம் வெளியூர்க் கதை, சிங்கப்பூருக்கு என்ன வந்தது என்று கேட்கிறவர்களுக்கு 2021 ஜனவரி 27-ஐ நினைவூட்டுவேன். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த, புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவரான 16 வயது மாணவர் ஒருவர் முந்தைய மாதம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டதாக அன்று அறிவிக்கப்பட்டது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதலின் நேரடிக் காணொளியைப் பார்த்து, அதன் ஆண்டு நிறைவு நாளில் தன் வீட்டுக்கு அருகிலுள்ள அஸ்ஸயாஃபா, யூசோஃப் இஷாக் பள்ளிவாசல்களில் மக்களைக் கொல்லத் திட்டமிட்டிருந்தார். தீவிர வலதுசாரிக் கருத்தால் தூண்டப்பட்டு இங்கே தடுத்து வைக்கப்பட்ட முதல் ஆள் அவர். அலுவலகத்தில் தமிழ் பேசும் எங்கள் எல்லோர் முகத்திலும் அன்று ஒரே கேள்வி இருந்தது: நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒருவன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான்?

வெள்ளை இனவெறி நம் பிள்ளைகளைத் தன் ஆட்களாக ஏற்காது. ஆனாலும் அது விற்கும் சரக்கில் தோலின் நிறம் பாராமல் எந்தப் பையனையும் இழுக்கக்கூடிய ஒன்று உண்டு. அது பெண்களைப் பற்றியது. 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச்சில் 51 பேரைக் கொன்றவன் தன் அறிக்கையைத் தொடங்கியதே பிறப்பு விகிதத்தைப் பற்றிய புலம்பலோடுதான். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் யூத ஆலயத்தைத் தாக்க வந்தவன், பெண்ணியத்தால்தான் பிறப்பு குறைகிறது, அதனால்தான் அந்நியர் வருகிறார்கள் என்று கேமரா முன் பேசினான். பிறகு அவன் முதலில் கொன்றது அந்த வழியாக நடந்து போன ஒரு பெண்ணை. பெண் படித்து, சம்பாதித்து, தன் விருப்பப்படி வாழ்ந்ததால்தான் இனம் அழிகிறது என்பது இந்த அரசியலின் அடித்தளம். குடியேறிகள் மீதான வெறுப்பு அதன் மேல் கட்டிய மாடி. என் வரிசையில் வந்த பதின்ம வயதுப் பையன்கள் முதலில் பகிர்ந்தது மதத்தையோ இனத்தையோ பற்றிய பதிவுகளை அல்ல. பெண்கள் ஏமாற்றுக்காரர்கள், திமிர் பிடித்தவர்கள், பணத்துக்காகப் பழகுகிறவர்கள் என்ற நகைச்சுவைத் துணுக்குகளைத்தான் பகிர்ந்தார்கள். பெற்றோர்கள் பார்த்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சில மாதம் கழித்து அதே கணக்கில் வேறு பெயர்கள், வேறு கொடிகள் தோன்றின.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்தக் கதையின் மறுபக்கமும் தெரியும். 2008-இல் சிராங்கூன் கார்டன்ஸில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கும் திட்டம் வந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். கடைசியில் விடுதிக்குத் தனிச்சாலை போட்டார்கள். அது தீவிர வலதுசாரி இயக்கம் அல்ல. சாதாரண மக்களின் அச்சம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நிற்கும் ஒரு புதுக்கோட்டைத் தொழிலாளியைப் பார்த்துக் கைப்பையை இறுக்கிக்கொள்ளும் பெண், அவரை ஆபத்தாகப் பார்க்க எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மாண்டலேயும் சார்ல்ஸ்டனும் காட்டுகின்றன. நம் ஆண்கள் அப்படிப் பார்க்கப்படும்போது நமக்கு வலிக்கிறது. ரோஹிஞ்சாவையும் தலித் இளைஞரையும் முஸ்லிமையும் அப்படிப் பார்க்கும் பதிவை நாமே குடும்பக் குழுவில் பகிரும்போதும் அந்த வலி நினைவுக்கு வர வேண்டும்.

இங்கே ஒரு கடினமான விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வதந்திகள் பொய்யாக இருந்ததைப் போல எல்லாக் குற்றச்சாட்டுகளும் பொய் அல்ல. 2015-ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையத்தில் பெண்கள் கூட்டங்கூட்டமாகத் தொல்லைக்கு உள்ளானது உண்மை. இங்கிலாந்தின் ரொதெரமில் 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக 2014-இல் வந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. காவல்துறையும் நகர மன்றமும் பல ஆண்டுகள் அந்தச் சிறுமிகளை நம்ப மறுத்தன. குற்றவாளிகளில் பெரும்பாலோர் பாகிஸ்தானிய வம்சாவளியினர் என்பதால் பேசத் தயங்கியவர்களும் இருந்தார்கள். அந்தத் தயக்கம் மன்னிக்க முடியாதது. அது சிறுமிகளுக்குத் துரோகம் செய்ததோடு, அவர்களுடைய துயரத்தை அப்படியே தூக்கித் தீவிர வலதுசாரிகளின் கையில் கொடுத்தது. வெறுப்புக்குத் தீனியாகிவிடுமோ என்று அஞ்சி ஒரு பெண்ணின் புகாரை மறைப்பவர், அவளை இரண்டாவது முறை கைவிடுகிறார். என் வரிசையில் உண்மையான புகாரும் பொய்ப் பிரச்சாரமும் ஒரே நாளில் வந்ததுண்டு. உண்மையான புகாரில் எப்போதும் ஒரு பெண் இருப்பாள்: எங்கே, எப்போது, யார், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாள். பிரச்சாரத்தில் அவள் இருக்க மாட்டாள். "நம் பெண்கள்" என்ற பன்மைதான் இருக்கும்.

2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் புகலிடம் தேடி வந்த முஸ்லிம் என்று பொய் பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். அடுத்த நாட்களில் குழந்தைகளைக் காப்போம் என்ற முழக்கத்தோடு பள்ளிவாசல்களும் அகதிகள் தங்கியிருந்த விடுதிகளும் தாக்கப்பட்டன. கைதானவர்களில் 899 பேரின் காவல்துறைப் பதிவுகளைக் கார்டியன் நாளிதழ் பெற்று ஆராய்ந்தபோது, 41 விழுக்காட்டினர் மீது ஏற்கெனவே குடும்ப வன்முறைப் புகார் இருந்தது தெரிந்தது. இந்தச் செய்தி வந்தபோது நான் வேலையை விட்டிருந்தேன். திருநெல்வேலித் தம்பிக்கு அனுப்பினேன். நாம் திரையில் பார்த்ததற்கு எண் கிடைத்துவிட்டது அக்கா என்று பதில் எழுதினார்.

பாலியல் வன்முறையை உண்மையிலேயே வெறுக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதற்கு எனக்கு ஒரு சோதனை உண்டு: வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? வன்புணர்வு வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர் என்று சிங்கப்பூர்க் காவல்துறை தொடர்ந்து சொல்லி வருகிறது. மனைவியை வன்புணரும் கணவனுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு இங்கே 2020 ஜனவரி 1 முதல் முற்றாக நீங்கியது. அவேர் போன்ற பெண்கள் அமைப்புகளின் பல ஆண்டு உழைப்பு அதன் பின்னால் இருந்தது. இந்தியாவில் அந்த விதிவிலக்கு, 2023-இல் புதிதாக எழுதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே தொடர்கிறது. அதை நீக்கி வன்புணர்வாக அறிவிப்பது மிகக் கடுமையானது என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுத்து மூலம் சொன்னது. சகோதரிகளைக் காக்க லவ் ஜிகாத் சட்டம் வேண்டும் என்று எழுதும் கணக்குகளில் அதைக் கண்டித்த ஒரு வரியைக்கூட நான் பார்த்ததில்லை. குடும்பம் உடைந்துவிடும் என்று எழுதியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 நவம்பரில் இணையப் பாதுகாப்பு குறித்த புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமையும் ஆணையத்திடம், இணையத் தொல்லைக்கோ அந்தரங்கப் படப் பரவலுக்கோ ஆளானவர் புகார் கொடுக்கலாம். நிறுவனங்களின் கதவை ஆண்டுக்கணக்கில் தட்டிய பெண்களுக்கு இது பெரிய விஷயம். அந்த ஆணையத்திடம் எனக்குக் கோரிக்கைகள் உண்டு. புகாரைப் பார்க்கும் இடத்தில் தமிழ் நன்றாகத் தெரிந்த, சாதிப் பேச்சைக் கண்டால் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் உட்கார வேண்டும். மிரட்டப்பட்ட பெண்ணின் புகாரைத் தனித்தாளாகக் கோப்பில் வைக்கக்கூடாது. மிரட்டிய கணக்கின் முழுப்பக்கத்தையும் திறந்து, காலையில் அவன் யாருக்கு எதிராகக் கூட்டம் சேர்த்தான் என்பதையும் அதே கோப்பில் சேர்க்க வேண்டும். புகார் கொடுக்கும் பெண், இங்கே வீட்டுவேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டுப் பெண்ணாக இருந்தாலும், அவருடைய வேலை அனுமதிக்கு ஆபத்து வராது என்று முதல் வரியிலேயே தமிழில் எழுதித் தர வேண்டும்.